நோட்ஸ் தேடுகிறவர்களுக்கு: ஐஎம்எஸ்எல்பி தளமும் நம்மூர் நூலகமும்

தருமபுரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன். ஷீட் மியூசிக்கை, அதாவது சுரங்களை எழுதி அச்சிட்ட தாள்களை (நாங்கள் நோட்ஸ் என்போம்), அலமாரியில் அடுக்கி விற்கும் கடையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. பெங்களூருக்குப் போனால் கிடைக்கும். சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது. 1842இல் தொடங்கிய கடை. ஆனால் மூன்று பக்க பீஸ் ஒன்றுக்காக அவ்வளவு தூரம் யார் போவது? அதனால் எனக்கு வேண்டியதில் பெரும்பகுதி இணையத்தில் இருந்து வருகிறது, மிச்சம் நூலகத்தில் இருந்து. இரண்டையும் பல வருஷமாகப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிள்ளையை கிளாஸில் சேர்த்துவிட்டு, "மிஸ் சொன்ன நோட்ஸ் எங்கே கிடைக்கும்?" என்று ராத்திரி பத்து மணிக்கு போனில் தேடும் பெற்றோரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கத்திய இசை என்றால் ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச நோட்ஸ் தளம் போதும்; காசு செலவழிக்க வேண்டிய இடம் மிகக் குறைவு. கர்நாடக இசை, தமிழிசை என்றால் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள், அச்சுப் புத்தகத்தைக் கண்ணால் பாருங்கள். அதற்கு நூலகம்தான் வழி. இரண்டிலும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. நோட்ஸ் கிடைப்பது இப்போது பெரிய காரியமே இல்லை. கிடைத்தது எந்தப் பதிப்பு, யார் எழுதியது என்று பார்ப்பதுதான் காரியம்.

ஐஎம்எஸ்எல்பியின் முழுப் பெயர் இன்டர்நேஷனல் மியூசிக் ஸ்கோர் லைப்ரரி புராஜெக்ட். பெட்ருச்சி நூலகம் என்றும் சொல்வார்கள். 1501இல் வெனிஸ் நகரத்தில் பலகுரல் பாடல்களின் நோட்ஸை அச்சுக்கோத்து வெளியிட்ட ஒட்டாவியானோ பெட்ருச்சியின் நினைவாக வைத்த பெயர். 2006 பிப்ரவரியில் எட்வர்ட் குவோ என்ற இசை மாணவர் இதைத் தொடங்கினார். மறு வருஷமே, 2007 அக்டோபரில், வியன்னாவில் உள்ள யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. ஐரோப்பாவில் பதிப்புரிமை முடியாத சில இசையமைப்பாளர்களின் நோட்ஸ் அதில் இருந்ததுதான் காரணம். தளம் இயங்கிய கனடாவின் சட்டப்படி அப்போது அவை உரிமை முடிந்தவை. வழக்காடப் பணம் இல்லாத மாணவர் தளத்தை மூடிவிட்டார். 2008 ஜூன் கடைசியில் மறுபடி திறந்தார்கள். அந்த அனுபவத்தால்தானோ என்னவோ, இன்றைக்கு ஒவ்வொரு கோப்புக்குக் கீழேயும் பதிப்பாளர் யார், எந்த வருஷம் அச்சானது, எந்த நாட்டில் உரிமை முடிந்தது என்று தெளிவாக எழுதி வைக்கிறார்கள். எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்ததே அந்தச் சின்ன எழுத்துதான். நோட்ஸ் கொடுக்கும் வேறு தளங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், இவ்வளவு பொறுப்பாக எழுதுகிறவர்கள் குறைவு.

தேடுவதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். "மினுயட் இன் ஜி" என்று போட்டுப் பாருங்கள். பீத்தோவனுக்கு ஒரு மினுயட் இன் ஜி உண்டு, படரெவ்ஸ்கிக்கு ஒன்று உண்டு. கீபோர்டு பிள்ளைகள் எல்லாரும் முதல் வருஷத்தில் வாசிக்கும், பாக் எழுதியது என்று இத்தனை காலம் சொல்லிவந்த மினுயட்டும் அதே பெயர்தான். அந்த மூன்றாவது உண்மையில் பாக் எழுதியதே இல்லை. அவர் மனைவி அன்னா மக்டலேனாவின் 1725ஆம் வருஷத்து நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. எழுதியவர் டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த கிறிஸ்டியான் பெட்சோல்ட். அதனால் பெயரை நம்பாமல், ஒவ்வொரு படைப்புக்கும் கொடுத்திருக்கும் பட்டியல் எண்ணை வைத்துத் தேடுங்கள். பீத்தோவன், கிளெமென்டி, செர்னி என்றால் ஓபஸ் எண். மோட்சார்ட் என்றால் கே எண். எளிய சொனாட்டா என்று எல்லாரும் சொல்லும் சி மேஜர் சொனாட்டா கே 545. பாக் என்றால் பிடபிள்யூவி எண். தேர்வுப் பாடத்திட்டத்தில் பீஸ் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த எண் இருக்கும், அதை அப்படியே தளத்தின் பெயரோடு சேர்த்துத் தேடுபொறியில் போட்டால் நேராகப் பக்கத்துக்கே போய்விடலாம். தளத்துக்குள் இருக்கும் தேடுபெட்டியைவிட இது வேகம்.

பக்கத்தைத் திறந்தால் மேலே பல பிரிவுகள் இருக்கும்: எல்லா வாத்தியமும் சேர்ந்த முழு ஸ்கோர், தனித்தனி வாத்தியத்துக்கான பார்ட்ஸ், மாற்றி எழுதியவை என்று. ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை இறக்கிவிட்டு "இதை எப்படி வாசிப்பது மிஸ்" என்று வருகிற பிள்ளைகள் உண்டு. வயலின் வாசிக்கிறவர்கள் பார்ட்ஸ் பிரிவைத் திறந்தால் வயலின் மட்டும் தனியாக இருக்கும். கீபோர்டுக்கு எளிமையாக்கியது வேண்டும் என்றால் மாற்றி எழுதியவை பிரிவு. பதிவிறக்க பட்டனைத் தட்டியதும் உரிமை பற்றிய அறிவிப்பு வரும். அதைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தா கட்டாதவர்களைப் பல கோப்புகளுக்கு 15 விநாடி காத்திருக்கச் சொல்லும். காத்திருங்கள், வேறொன்றும் இல்லை. அவசரத்தில் பக்கத்தில் மின்னும் விளம்பர பட்டனை அழுத்திவிட வேண்டாம்.

ஒரே பீஸுக்கு பத்துப் பதினைந்து கோப்புகள் இருக்கும்போது எதை எடுப்பது? பெட்சோல்ட் மினுயட்டையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் பாக் படைப்புகளை முழுத் தொகுப்பாக லைப்சிக்கில் வெளியிட்டார்கள்; 1851இல் தொடங்கி 1899 வரை போன வேலை அது. அந்த மாதிரித் தொகுப்பில் விரல் எண் எதுவும் இருக்காது, வெறும் நோட்ஸ்தான். ஆசிரியர்களுக்கு அது தங்கம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உதவாது. அதற்குப் பிறகு வந்த பாடப் பதிப்புகளில் ஒவ்வொரு பாரிலும் (இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) விரல் எண், சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு, சத்தம் கூட்டு குறை எல்லாம் போட்டிருப்பார்கள். முதல் பாரில் வலது கை மேல் டியில் சுண்டுவிரல், அடுத்து ஜி ஏ பி சி வரிசைக்குக் கட்டைவிரலில் தொடங்கி நான்காம் விரல் வரை, மறுபடி டியில் சுண்டுவிரல். கை நகரவே வேண்டாம். இந்த எண் போட்ட பிரதி ஒன்றும், எண் இல்லாத மூலப் பிரதி ஒன்றும் இரண்டையும் எடுத்து வைப்பதுதான் என் பழக்கம். வளைகோடும் சத்தக் குறியும் பெரும்பாலும் பின்னால் வந்த பதிப்பாசிரியரின் யோசனை. அதைப் பிள்ளையிடம் காட்டிச் சொல்லிவிட்டால், இரண்டாம் முறை வாசிக்கும்போது "இப்படி வாசிச்சா நல்லா இருக்குமா மிஸ்?" என்று தானே கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் எனக்கு அன்றைய கிளாஸ் நிறைந்த மாதிரி.

ரசிகர்களே எழுதி ஏற்றும் தளங்கள் வேறு வகை. அங்கே இருக்கும் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சரிபார்க்க ஆள் இல்லை. அப்படி ஒரு தளத்தில் இருந்து என் மாணவி ஒருத்தி இதே மினுயட்டை எடுத்து வந்தாள். அச்சு பளிச்சென்று இருந்தது, பெரிய எழுத்து, ஒரே பக்கம். வாசித்தாள். மூன்றாவது பாரில் காது சுருக்கென்றது. ஜி மேஜர் பீஸுக்குத் தொடக்கத்திலேயே போட வேண்டிய, சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஒற்றை ஷார்ப் குறியை ஏற்றியவர் விட்டுவிட்டார். அதனால் எஃப் ஷார்ப் எல்லாம் வெறும் எஃப் ஆகிவிட்டது. பிள்ளை மேல் தப்பே இல்லை, தாளில் இருந்ததை வாசித்தாள். வீட்டில் ஒரு வாரம் அப்படியே பழகியிருந்ததால் விரல் அந்த வெள்ளைக் கட்டையை விட மாட்டேன் என்றது. பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: பளிச்சென்று இருக்கும் பிரதியைவிட, மங்கலாக இருந்தாலும் பதிப்பகத்தின் பெயர் கீழே இருக்கிற பிரதியை எடுங்கள். கணினியில் புதிதாக அச்சுக்கோத்த சுத்தமான பிரதிதான் வேண்டும் என்றால் மியூட்டோப்பியா என்று ஒரு தளம் இருக்கிறது. உரிமை முடிந்த பீஸ்களைத் தன்னார்வலர்கள் லில்லிபாண்ட் என்ற நிரலில் எழுதி வைத்திருக்கிறார்கள், எந்தப் பழைய பதிப்பைப் பார்த்து எழுதினோம் என்றும் குறித்திருப்பார்கள். எண்ணிக்கை குறைவு, தரம் நன்று.

சினிமாப் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேட்பதே அதைத்தான். இலவசமாகக் கிடைப்பது எல்லாமே யாரோ காதில் கேட்டு எழுதியது. உரிமை வேறொருவரிடம் இருக்கிறது. நான் அதை அச்செடுத்துக் கொடுப்பதில்லை. பாட்டைப் போட்டு, காதால் கேட்டு, பல்லவியைத் தானே கண்டுபிடிக்கச் சொல்வேன். சுரஞானத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இந்த உரிமைக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இந்தியாவில் படைத்தவர் இறந்த வருஷம் முடிந்து 60 வருஷம். முன்பு 50 ஆக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் உரிமை முடியப் போகிறது என்ற நிலையில்தான் 1992இல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். அந்த 60-உம் முடிந்துவிட்டதால் இன்று தாகூரின் பாடல்கள் எல்லாருக்கும் பொது. குழந்தைகளுக்கு அழகான சின்னச் சின்ன பீஸ்கள் எழுதிய கபலெவ்ஸ்கி 1987இல் இறந்தவர். அவருடையதை இலவசமாகத் தேடி அலைய வேண்டாம், புத்தகம் வாங்குங்கள். நம் பக்கத்துக்காரர் ஒருவரையே சொல்லலாம். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எழுதிய "குறையொன்றும் இல்லை" பாட்டைக் கேட்காத வீடு இல்லை. எல்லாரும் பழைய கீர்த்தனை என்றே நினைக்கிறார்கள். ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. கணக்குப்படி 2032 முடியும் வரை அந்த வரிகளுக்கு உரிமை உண்டு. கடையநல்லூர் வெங்கட்ராமன் அமைத்த மெட்டின் உரிமைக் கணக்கு அதில் சேராது, அது தனி. வீட்டில் வாசிப்பதற்கு ஒரு தடையும் இல்லை. நோட்ஸ் போட்டுப் புத்தகமாக விற்கத்தான் அனுமதி வேண்டும்.

இறக்கிய பிடிஎஃப்பை அச்செடுப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். பழைய ஐரோப்பிய நோட்ஸ் புத்தகங்கள் நம் ஏ4 தாளைவிடச் சற்று அகலமாக அச்சானவை. ஜெராக்ஸ் கடையில் கோப்பை அப்படியே கொடுத்தால் ஓரத்தில் இருக்கும் கிளெஃப் குறியோ கடைசி பாரோ வெட்டுப்படும். "பேஜுக்கு ஃபிட் பண்ணி எடுங்கண்ணா" என்று சொல்லி, முதல் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் ஓரம் கறுப்பாக இருந்தால் போனிலேயே வெட்டிவிட்டு அனுப்பலாம். சின்னப் பிள்ளைக்கு ஏ3 தாளில் எடுத்தால் கண்ணுக்கு நல்லது. தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டாம். வாசித்துக்கொண்டே பக்கம் புரட்டப் பிள்ளையால் முடியாது. ஒரு பக்கமாக எடுத்து, மூன்று தாளையும் பின்னால் டேப் ஒட்டி விரித்து வைத்தால் ஸ்டாண்டில் அழகாக நிற்கும்.

இனி நூலகம்.

எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் இசைக்கு என்று தனித் தட்டு கிடையாது. சமையலும் சோதிடமும் கோலமும் இருக்கும் வரிசையில், பின்னால் தள்ளி, சில புத்தகங்கள் இருக்கும். முதுகில் பெயர் அழிந்திருக்கும். அதனால் அட்டையைப் பார்த்துத் தேடாதீர்கள், நூலகரிடம் கேளுங்கள். "இசை புத்தகம் இருக்கா" என்று கேட்டால் பெரும்பாலும் இசைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு வரும். "சுரதாளக் குறிப்போட பாட்டுப் புத்தகம்" என்று கேளுங்கள், அந்தச் சொல் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். நான் அப்படிக் கேட்டபோது அங்கிருந்த நூலகர் அம்மா பதிவேட்டைப் புரட்டி, இருப்பு அறையில் இருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழிசைப் பாடல்கள் வரிசையில் ஒரு பழைய தொகுதியைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். தமிழிசை இயக்கம் சூடாக இருந்த 1940களில் அண்ணாமலை அரசர் ஊக்கத்தில் தொடங்கிய வரிசை அது. தமிழ்ப் பாட்டுக்கு மெட்டும் சுரமும் போட்டு, அச்சில் ஏற்றி, எந்த ஊர் வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கும்படி செய்தார்கள். அந்தத் தாள் இன்று தொட்டால் பொடியாகும் நிலையில் இருக்கிறது. ஆனால் அச்சு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

அச்சைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் ஸ்வரக் குறிப்பில் உயிரே புள்ளியில் இருக்கிறது. ஸ என்று எழுதி மேலே ஒரு புள்ளி வைத்தால் மேல்ஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரஸ்தாயி, வைக்காவிட்டால் நடு. கமா வந்தால் ஒரு அட்சரம் (தாள அளவு) நீட்ட வேண்டும், அரைப்புள்ளி வந்தால் இரண்டு. எழுத்துகளின் தலைக்கு மேலே ஒரு கோடு போனால் வேகம் இரட்டிப்பு, இரண்டு கோடு போனால் அதற்கும் இரட்டிப்பு. இப்போது ஒரு பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, அதை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். பிள்ளைகள் முதலில் கற்கும் மோகன ராக வர்ணத்தில் ஸ-வுக்குக் கீழே த-வைத் தொட்டுத் திரும்பும் இடங்கள் உண்டு. கீழ்ப்புள்ளி மறைந்த பிரதியைப் பார்த்து வாசிக்கிற பிள்ளை, ஸ-வில் இருந்து நேராக மேலே இருக்கும் த-வுக்குத் தாவும். வயலினில் அது கம்பியே மாறிப் போகிற விஷயம். அதனால் இணையத்தில் கிடைத்த பிரதியை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறையாவது அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, புள்ளி போன இடத்தில் பென்சிலால் வைத்துவிடுங்கள். பிரதியில்தான், நூலகப் புத்தகத்தில் இல்லை.

இணையத்திலும் கர்நாடக இசைக்கு நல்ல இடங்கள் உண்டு. சிவ்குமார் கல்யாணராமன் தன் தளத்தில் வர்ணம், கீர்த்தனை என்று நிறையப் பாடல்களுக்கு ஸ்வரமும் பொருளும் எழுதி, கூடவே பாடிய ஒலிப்பதிவையும் இலவசமாக வைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டே பார்க்கலாம் என்பது பெரிய வசதி, ஏனென்றால் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் நுணுக்கம், எந்தத் தாளிலும் முழுசாக வராது. அங்கே ஆங்கில எழுத்தில் ஸ்வரம் இருக்கும். பெரிய எழுத்து என்றால் நெடில், சின்ன எழுத்து என்றால் குறில். பிள்ளைகள் பெரிய எழுத்தை மேல்ஸ்தாயி என்று எடுத்துக்கொள்வார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள். கர்நாடிக் டாட் காமில் சாகித்தியம் (பாட்டின் வரிகள்) தேடுவது சுலபம். கமகத்துக்கே தனித்தனிக் குறி போட்ட புத்தகம் வேண்டும் என்றால் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு லிபியில் அச்சானது. சென்னை மியூசிக் அகாடமி ஐந்து பாகங்களாகத் தமிழில் கொண்டுவந்தது. ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இது முதல் வருஷப் பிள்ளைகளுக்கான புத்தகம் கிடையாது. ஆசிரியர்கள் பார்க்க வேண்டும். ஆபிரகாம் பண்டிதரின் 1917ஆம் வருஷத்துக் கருணாமிர்த சாகரம் போன்ற பெரிய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பார்க்கலாம். அந்த மின்னூலகத்தில் இசை என்று போட்டுச் சும்மா மேய்ந்தாலே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கிருஷ்ணகிரியில் சர்ச் பாடகர் குழு நடத்தும் என் தோழி வேறொரு வழி வைத்திருக்கிறாள். ஆங்கிலப் பாமாலையின் மெட்டில் தமிழில் பாடும் பாட்டுகளுக்கு அவள் பாட்டின் பெயரில் தேடுவதில்லை, மெட்டின் பெயரில் தேடுகிறாள். "என்னோடிரும், மா நேச கர்த்தரே" பாட்டுக்கு மெட்டு ஈவன்டைட். 1861இல் வில்லியம் ஹென்றி மங்க் அமைத்தது. ஹிம்னரி தளத்தில் அந்தப் பெயரைப் போட்டால் நான்கு குரல் நோட்ஸ் பல புத்தகங்களில் இருந்து வருகிறது. 1998இல் தொடங்கிய சிபிடிஎல் தளம் கூட்டுப்பாடலுக்கு என்றே உள்ளது. ஒரே குறை, நம் ஊர்க் குழுக்களில் பெரியவர்கள் டோ, ரே, மி என்பதை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா பார்த்துப் பாடிப் பழகியவர்கள், இந்தத் தளங்களில் கிடைப்பதோ பெரும்பாலும் ஐந்து கோட்டு நோட்ஸ். அவள் உட்கார்ந்து மாற்றி எழுதிக் கொடுக்கிறாள்.

காசு கொடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: மேற்கத்திய இசைக்கான கிரேடு தேர்வு. நடத்துவது டிரினிட்டி ஆனாலும் ஏபிஆர்எஸ்எம் ஆனாலும் தேர்வுக்கு முறையாக வாங்கிய பிரதியோடுதான் போக வேண்டும், ஜெராக்ஸ் ஏற்க மாட்டார்கள். பர்டாடோஸ் போன்ற கடைகளின் இணையப் பக்கத்தில் ஆர்டர் போட்டால் தருமபுரிக்கே வந்துவிடுகிறது. வாங்கும் முன் பாடத்திட்டம் எந்த வருஷத்தோடு முடிகிறது என்று பாருங்கள். அண்ணன் வாசித்த புத்தகம் தங்கைக்கு ஆகாமல் போவது உண்டு.

இது எதிலும் கிடைக்காததற்கு மியூஸ்ஸ்கோர் நிரலைப் பயன்படுத்துகிறேன். நாமே நோட்ஸ் எழுதும் இலவச நிரல். 2022 டிசம்பரில் நான்காம் பதிப்பு வந்த பிறகு எழுதியதை வாசித்துக் காட்டும் ஒலியும் நன்றாக இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை நான் இதில்தான் ஐந்து கோட்டுக்கு மாற்றினேன். ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அதற்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டவை அவை, எல்லாம் சங்கராபரண ராகம். "சக்தி ஸஹித கணபதிம்" திஸ்ர ஏகத்தில், மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், போகும். ஸ-வை சி கட்டையில் வைத்தால் கறுப்புக் கட்டையே தொட வேண்டாம், முதல் மாதமே கீபோர்டு பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். கீபோர்டு பிள்ளைகளும் வயலின் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கர்நாடக இசையை ஐந்து கோட்டில் எழுதுவது இன்று வந்த யோசனையும் இல்லை. ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893இலேயே சென்னையில் தியாகராஜர் கீர்த்தனைகளை அப்படி எழுதி அச்சிட்டார். தன் சொத்தையும் கண்பார்வையையும் அதற்கே கொடுத்தவர். சுப்பராம தீட்சிதரைப் புத்தகம் எழுதச் சொல்லித் தூண்டியதும் அவர்தான்.

நூலகத்துக்குத் திரும்பினால், நம் ஊரில் சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். 1948இல் வந்த தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு. அதனால் வேண்டிய புத்தகத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாசகர் பரிந்துரைக்கு ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். அதில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதுங்கள். "இசைப் புத்தகங்கள் வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் யாராலும் எதுவும் வாங்க முடியாது. நான் சம்பிரதாய பிரதர்சினியின் தமிழ்ப் பதிப்பை எழுதி வைத்திருக்கிறேன். இசைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கிறவர்களும் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் சீக்கிரம் நடக்கும்.

இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாட்டு வாத்தியார்கள் விட்டுப்போன ஸ்வரப் புத்தகங்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அட்டை போயிருந்தாலும், முதல் பக்கமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே ஸ ரி க ம என்று வரிசையாக இருந்தால் எடுத்து வையுங்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், புள்ளி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், அப்புறம் புத்தகத்தை நூலகத்தில் கொண்டு போய்க் கொடுங்கள். அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு பதிவேட்டில் ஏற்றுவார்கள்.